வீட்டுக்கே வருது அலர்ஜி டெஸ்ட்... ஆனா, உங்க எக்ஸிமாவுக்குத் தேவையான டெஸ்ட் அதுதானா?

ராத்திரி பதினொன்றரை மணி. முழங்கை மடிப்பில் நமைச்சல் தாங்கவில்லை. ஒரு கையால் சொறிந்துகொண்டே இன்னொரு கையால் போனில் 'ஸ்கின் அலர்ஜி' என்று தேடுகிறீர்கள். காலையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. 'வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குறோம். உங்களுக்கு எதெது ஒத்துக்காதுன்னு மொத்தமா சொல்லிடுறோம்!' ஆஃபர் இன்று இரவு வரைதான் என்று கீழே கடிகாரம் வேறு ஓடுகிறது.

நம்பி புக் செய்தால் சில நாள்களில் பி.டி.எஃப் வந்துவிடும். பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பக்கம் பக்கமாகக் கட்டங்கள். சிவப்புக் கட்டத்தில் பால், முட்டை, இறால், கோதுமை, கத்தரிக்காய். இதை வீட்டில் காட்டிப் பாருங்கள், பாட்டி ஒரே வரியில் முடித்துவிடுவார். "இதைத்தானே நான் அப்பவே சொன்னேன்? கரப்பான் பண்டத்தைத் தொடாதேன்னு!"

எக்ஸிமாவுக்கு நம் ஊரில் 'கரப்பான்' என்று பழைய பெயர் உண்டு. கத்தரிக்காயும் கருவாடும் அந்தப் பட்டியலில் பல தலைமுறைகளாக மாட்டிக்கொண்டிருக்கின்றன. பாட்டியின் பட்டியல் இலவசம், லேபின் பட்டியலுக்கு ஆயிரக்கணக்கில் பணம். மற்றபடி இரண்டும் பல நேரங்களில் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. தோலில் வந்த பிரச்னைக்கு, 'தோலில் என்ன பட்டது?' என்று கேட்காமல், 'தட்டில் என்ன இருந்தது?' என்று கேட்கின்றன.

அந்த முதல் கேள்வியைக் கேட்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. நூறு வருடங்களுக்கு மேல் பழையது. ஆனால், அது வீட்டுக்கு வராது. நாம்தான் போக வேண்டும், அதுவும் ஒரே வாரத்தில் மூன்று முறை. புதுச்சேரியின் வில்லியனூரிலோ பாகூரிலோ இருந்து ஒருவர் அந்த டெஸ்ட்டுக்குப் போவதென்றால் என்னவெல்லாம் ஆகும் என்று பார்த்தால், விளம்பரக் கடிகாரம் ஏன் ஜெயிக்கிறது என்பது புரிந்துவிடும்.

ஒரு கொத்தனாரின் கை

புதுச்சேரி என்றதும் உங்களுக்கு ஒயிட் டவுனின் மஞ்சள் சுவரும் பீச் ரோடு செல்ஃபியும்தான் ஞாபகம் வரும். ஊரைத் தாண்டி மேற்கேயும் தெற்கேயும் போனால் கொம்யூன்கள். அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை, இன்றும் பஞ்சாயத்து போர்டுகளில் இருக்கிறது. பாகூர் பக்கம் ஏரிப்பாசனத்தில் நெல் விளையும் பூமி. வில்லியனூரில் சங்கராபரணி ஆறு, சுடுமண் சிற்பம் செய்யும் குடும்பங்கள், நகரம் பெருகப் பெருக முளைக்கும் புது லேஅவுட்டுகள்.

அந்த லேஅவுட் ஒன்றில் வேலை பார்க்கும் கொத்தனார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ கூட இருக்கலாம். இருபது வருடமாகக் கலவை பிடித்த கை. இப்போது விரல் இடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டில் தடிப்பு, நீர் கோத்த கொப்புளம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அடங்கும், திங்கட்கிழமை சாயங்காலம் திரும்ப ஆரம்பிக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போடுகிறார், பத்து நாள் நன்றாக இருக்கிறது, அப்புறம் முன்பைவிட மோசம். வீட்டில் மீனை நிறுத்தியாயிற்று. கத்தரிக்காயை நிறுத்தியாயிற்று. ஆனால் சிமென்ட்டை மட்டும் நிறுத்த முடியவில்லை, அதுதானே சோறு!

ஈர சிமென்ட் தோலுக்கு இரண்டு விதத்தில் எதிரி. ஒன்று, அது கடுமையான காரம். யார் கையாக இருந்தாலும் அரிக்கும், வேக வைக்கும். இரண்டாவது, அதில் மிகச் சிறிய அளவில் குரோமியம் இருக்கிறது. சிமென்ட் தயாராகும் சூளையில் அது 'ஆறு இணைதிற குரோமியம்' என்ற வடிவத்துக்கு மாறுகிறது. தண்ணீரில் கரையும், தோலுக்குள் இறங்கும். சிலருடைய உடம்பு அதை எதிரி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகம் சுலபத்தில் போகாது. வேலையை விட்ட பிறகும் வருடக்கணக்கில் கை ஆறாமல் இருப்பவர்கள் உண்டு.

இப்போது அந்த வீட்டு ஆஃபர் டெஸ்ட்டை இவருக்கு எடுத்தால்? குரோமியம் அதில் வரவே வராது. ரத்தத்தில் அந்த டெஸ்ட் தேடுவது வேறு சமாசாரம்.

மூணு டெஸ்ட், மூணு கேள்வி

அலர்ஜி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை, உடனே வருவது. இறால் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்குவது, தூசு பட்டதும் தும்மல் வருவது. இதை நடத்துவது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம். இரண்டாவது வகை, தாமதமாக வருவது. இன்றைக்குப் பட்ட பொருளுக்கு நாளை மறுநாள் தோல் தடிக்கும். இதை நடத்துவது வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள். சிமென்ட், செயற்கை நகை, ஹேர் டை எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறவை.

பிரிக் டெஸ்ட் முதல் வகைக்கு. முன்னங்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, சின்ன ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் கொசு கடித்தது போலத் தடிப்பு வந்தால் பாசிட்டிவ். ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் அதே முதல் வகைக்குத்தான். பேட்ச் டெஸ்ட் இரண்டாவது வகைக்கு.

இது மூன்றிலும் சேராத இன்னொன்றும் சந்தையில் சுற்றுகிறது. 'ஃபுட் இன்டாலரன்ஸ்' என்ற பெயரில் ஐஜிஜி அளக்கும் பேக்கேஜ். ஐஜிஜி என்பது நீங்கள் ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு உடம்பு போட்ட கையெழுத்து, அவ்வளவுதான். தினமும் இட்லி சாப்பிடுகிறவருக்கு அரிசியும் உளுந்தும் அதில் வந்தால் ஆச்சர்யமில்லை. அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவ சங்கங்கள் பல வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டன. விளம்பரத்தில் அந்த வரி இருக்காது.

ஐஜிஇ டெஸ்ட் அப்படிப் போலி இல்லை, உண்மையான டெஸ்ட்தான். ஆனால் குழந்தையிலிருந்தே எக்ஸிமா இருப்பவர்களிடம் அதை மொத்தமாக அள்ளிப் போட்டுப் பார்ப்பதில் ஒரு சிக்கல். அவர்களில் பலருக்கு ஐஜிஇ பொதுவாகவே அதிகமாக இருக்கும். பத்து பொருள்களுக்குப் பாசிட்டிவ் காட்டும், அதில் ஒன்றுகூட நிஜத்தில் தொந்தரவு செய்யாமல் இருக்கலாம். பாசிட்டிவ் என்றால் 'உடம்புக்கு இந்தப் பொருளைத் தெரியும்' என்று அர்த்தம். 'இந்தப் பொருளால்தான் அரிக்கிறது' என்பது வேறு விஷயம். அதைச் சொல்ல, நீங்கள் அதைச் சாப்பிட்டபோதோ தொட்டபோதோ என்ன ஆனது என்ற கதை வேண்டும். கதை இல்லாத ரிப்போர்ட் வெறும் கலர் கட்டம்.

முதுகில் ஒட்டும் ரகசியம்

பேட்ச் டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் இதற்கு விளம்பரம் வராது. 1895-ல் ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் யாதஸோன் இதை முதன்முதலில் விவரித்தார். யோசனை ரொம்ப எளிமை. எந்தப் பொருளில் சந்தேகமோ, அதைத் தோலில் கொஞ்சமாக ஒட்டிவைத்து, தோல் என்ன சொல்கிறது என்று காத்திருப்பது. இன்றும் அதேதான். மேல் முதுகில் வரிசை வரிசையாகக் குட்டி அலுமினியக் கிண்ணங்களை டேப்பால் ஒட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள், தோலை எரிக்காத அளவுக்கு நீர்த்தது. 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். பிறகு 96 மணி நேரத்தில் இன்னொரு முறை. சில பொருள்கள் சோம்பேறிகள், ஒரு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

இந்தியாவுக்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் இருந்த தோல் மருத்துவர் ஜே.எஸ்.பஸ்ரிச்சா போன்றவர்கள் நம் ஊர்ப் பொருள்களை வைத்து இந்தத் துறையை இங்கே வளர்த்தார்கள். இன்று பயன்படுத்தும் 'இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரிஸ்' வரிசையைப் படித்தால் ஒரு கிராமத்துத் தெருவையே படிப்பது போல இருக்கும். நிக்கல், அதாவது கவரிங் நகை, வாட்ச் பின்பக்கம், ஜீன்ஸ் பட்டன். குரோமியம், அதாவது சிமென்ட், பதனிட்ட தோல் செருப்பு. ரப்பர் ரசாயனங்கள், அதாவது ரப்பர் செருப்பு, கையுறை. பிபிடி, அதாவது அப்பா தலைக்கு அடிக்கும் பாக்கெட் டை. பிறகு வாசனைக் கலவை, பார்த்தீனியம்.

பிபிடி-யில் ஒரு நிமிஷம் நில்லுங்கள், இது உங்கள் ஏரியா. கல்யாண வீட்டில் 'அரை மணி நேரத்தில் கறுப்பா புடிக்கும்' என்று போடும் பிளாக் மெஹந்தி இருக்கிறதே, மருதாணி இலை தானாக அப்படிக் கறுப்பதில்லை. கறுப்புக்காகப் பிபிடி கலப்பது உண்டு. ஹேர் டையில் இதற்கு ஐரோப்பாவில் கலந்த பிறகு 2 சதவிகிதம்தான் உச்சவரம்பு. மெஹந்தி கோனில் எவ்வளவு இருக்கிறது என்பது கலந்தவருக்கே வெளிச்சம். பதினெட்டு வயதில் கையில் போட்ட டிசைன், நாற்பது வயதில் முதல்முறை டை அடிக்கும்போது முகமே வீங்கும் அளவுக்குத் திரும்பி வரலாம்.

பார்த்தீனியம் விவசாயிகளின் கதை. 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்ட இந்த வெள்ளைப் பூச்செடி இன்று நாடு முழுக்க இருக்கிறது. பாகூர் வரப்போ, வில்லியனூரில் விற்காத பிளாட்டோ, எங்கும் வளரக்கூடியது. செடியைத் தொடவே வேண்டாம். காய்ந்த துகள் காற்றில் வந்து கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் உட்காரும். பார்க்க, குழந்தைப் பருவ எக்ஸிமா மாதிரியே இருக்கும். அறுபது வயதுப் பெரியவருக்குத் திடீரென்று 'எக்ஸிமா' வந்தால் மருத்துவர்கள் இந்தச் செடியையும் யோசிப்பது அதனால்தான். 'நான் இயற்கைப் பொருள்தான் யூஸ் பண்றேன், எனக்கு எப்படி அலர்ஜி?' என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பார்த்தீனியத்தைவிட இயற்கையான ஒன்று உண்டா என்ன?

அந்த வரிசையில் எனக்குப் பிடித்தது, அல்லது பயப்பட வைப்பது, நியோமைசின். இது மருந்து. புண்ணுக்குப் போடும் பல களிம்புகளில் இருக்கும் ஆன்டிபயாடிக். அதன் சொந்தக்காரர் ஃப்ராமைசெட்டின் நம் ஊர் முதலுதவிப் பெட்டிகளில் சாதாரணமாக இருப்பது. ஒன்றுக்கு அலர்ஜி இருந்தால் மற்றதுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, அரிப்புக்குப் போட்ட களிம்பே அரிப்பை வளர்க்கலாம். கூடவே ஸ்டீராய்டு கலந்திருந்தால் அது அலர்ஜியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், நிறுத்தியதும் மொத்தமாக வெடிக்கும். அந்தக் கொத்தனாரின் டியூப் கதை ஞாபகம் வருகிறதா?

ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்பதைக் கட்டுப்படுத்த 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் ஹெச் கட்டுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. உங்கள் தெரு மெடிக்கலில் போய் 'அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க' என்று கேட்டுப் பாருங்கள், சீட்டு கேட்கிறார்களா என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. படர்தாமரைக்கு இந்த டியூபைப் போட்டால் அதன் வட்ட வடிவமே மாறி, எக்ஸிமா மாதிரி வேஷம் போடும். அலர்ஜி டெஸ்ட்டுக்கு முன்னால், இது எக்ஸிமாதானா என்று ஒரு தோல் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

ஒரு வாரக் கூலி

சரி, கொத்தனாருக்குப் பேட்ச் டெஸ்ட்தான் என்று முடிவாகிறது. ஜிப்மர் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போக வேண்டும். வில்லியனூர் என்றால் கோரிமேடு அவ்வளவு தூரமில்லை. பாகூர் என்றால் முதலில் புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ். காலையிலேயே ஓ.பி வரிசை. முதல் நாள் பார்த்து, டெஸ்ட்டுக்குத் தேதி கொடுப்பார்கள். அந்தத் தேதி திங்கட்கிழமை என்றால் அன்றைக்கு ஒட்டுவார்கள், புதன் பிரிப்பார்கள், வெள்ளி திரும்பப் பார்ப்பார்கள்.

மூன்று நாள் கூலி போகும் என்றுதானே கணக்குப் போடுகிறீர்கள்? அது தப்புக் கணக்கு. டேப் ஒட்டியிருக்கும்போது முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது. டேப் நழுவினால் டெஸ்ட் வீண். பிரித்த பிறகும் வெள்ளிக்கிழமை வரை முதுகைத் தேய்க்கக் கூடாது, போட்ட அடையாளம் அழியக் கூடாது. புதுச்சேரிக் கடலோரப் புழுக்கத்தில், வேர்க்காமல் கலவை தூக்குவது எப்படி? ஆக, செவ்வாயும் வியாழனும் கூட வேலை இல்லை. முழு வாரம் போச்சு. மேஸ்திரி அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டால் அடுத்த வாரமும் சந்தேகம்தான்.

விளம்பரக் கடிகாரம் ஜெயிப்பது இங்கேதான். அதில் பஸ் இல்லை, வரிசை இல்லை, ஒரு நாள் கூலிகூடப் போகாது. இரண்டாயிரமோ மூவாயிரமோ கட்டினால் கையில் பேப்பர். அது தப்பான கேள்விக்கான பதில் என்பது மட்டும்தான் பிரச்னை. அந்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு, இல்லாத அலர்ஜிக்காக முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டு, கலவையைத் தொடர்ந்து வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருப்பவரை என்ன சொல்வது? அவர் ஏமாளி இல்லை. தன்னால் முடிந்த டெஸ்ட்டை எடுத்தார்.

போனில் போட்டோ எடுத்து அனுப்பிப் பேட்ச் டெஸ்ட்டைப் பார்த்துவிட முடியாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பாதி முடியும். சிவப்பு போட்டோவில் தெரியும். ஆனால் அலர்ஜிக்கும் வெறும் எரிச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பல நேரம் விரலால் தடவித்தான் சொல்ல முடியும், உள்ளே தடித்திருக்கிறதா என்று. இது கை வைத்துப் பார்க்கும் வைத்தியம்.

ஆனால் மூன்று பயணத்தையும் அவரே செய்ய வேண்டுமா என்பது தனிக் கேள்வி. புதன்கிழமை டேப்பைப் பிரித்து, பேனாவால் அடையாளம் போடுவதற்குப் பெரிய மருத்துவமனை தேவையா? வில்லியனூர் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரே கிராமப்புற சுகாதார மையம் நடத்துகிறது. கொம்யூன்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பிரித்து, படம் எடுத்து அனுப்பினால் ஒரு பயணம் மிச்சம். இதற்குப் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

குழந்தை தட்டிலிருந்து முட்டையை எடுப்பதற்கு முன்...

பெரியவர்கள் கத்தரிக்காயை விட்டால் நஷ்டம் ருசியோடு போகும். குழந்தை விஷயம் அப்படி இல்லை. கன்னத்தில் எக்ஸிமாவோடு இருக்கும் எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு பேக்கேஜ் டெஸ்ட் எடுத்து, பால், முட்டை, கோதுமை, கடலை நான்கையும் ஒரே நாளில் நிறுத்தும் வீடுகள் இருக்கின்றன. எடை ஏறாமல் போவது ஒரு ஆபத்து. இன்னொன்று பலருக்குத் தெரியாது: நிறுத்துவதே அலர்ஜியை உண்டாக்கலாம்.

லண்டனில் நடந்த லீப் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுள்ள 640 குழந்தைகள். பாதிப் பேருக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு அறவே கொடுக்கவில்லை. 5 வயதில் பார்த்தபோது, கடலையைத் தவிர்த்த குழுவில் 17.2 சதவிகிதம் பேருக்குக் கடலை அலர்ஜி. சாப்பிட்ட குழுவில் 3.2 சதவிகிதம். ஆரம்பத்தில் பிரிக் டெஸ்ட்டில் லேசாகப் பாசிட்டிவ் காட்டிய குழந்தைகளிலும் இதே கதைதான், 35.3-க்கு 10.6. பெரிய தடிப்பு வந்த குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களே கடலை மாவைக் கரைத்து ஊட்ட வேண்டாம், ப்ளீஸ். கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைக்கு முதலில் டெஸ்ட், பிறகு மருத்துவர் சொல்கிறபடி. ஆனால் ஒரு கலர் பி.டி.எஃப்-ஐ நம்பி உணவை நிறுத்துவது ஜாக்கிரதை ஆகாது என்பதற்கு இந்த ஆய்வு போதும்.

ஏன் இப்படி? குழந்தைப் பருவ எக்ஸிமாவின் அடிப்படை, பலருக்கு, தோலின் கரை உடைந்திருப்பதுதான். 2006-ல் ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுக் குறைக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஏரிக்கரையில் ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். உணவின் துகள் வாய் வழியாக வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். உடைந்த தோல் வழியாக வந்தால் சண்டைக்குத் தயாராகும். அதனால் பல குழந்தைகளுக்கு முதல் வைத்தியம் டெஸ்ட் இல்லை. குளித்து ஈரம் காய்வதற்குள் தடவும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும், மருத்துவர் சொன்ன களிம்பைச் சொன்ன நாள் வரை போடுவதும்தான். அதிலேயே அடங்கும் எக்ஸிமாவுக்கு எந்த அலர்ஜி டெஸ்ட்டும் தேவையில்லை.

சுவரும் தலையணையும் தனிக் கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. தண்ணீர் வடிந்தாலும் மெத்தையும் சுவரும் சீக்கிரம் காயாது. ஈரத்தில் பூஞ்சையும் தூசுப்பூச்சியும் வளரும். பிரிக் டெஸ்ட்டில் தூசுப்பூச்சி பாசிட்டிவ் வருவது சகஜம். மூக்கடைப்பும் இளைப்பும் கூட இருந்தால் அந்த முடிவுக்கு மதிப்பு அதிகம். எக்ஸிமா மட்டும் என்றால், விலை உயர்ந்த மெத்தை உறையால் பெரிய பலன் கிடைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. தலையணையை மொட்டைமாடி வெயிலில் போடுவதற்குக் காசு இல்லை, அதைச் செய்யுங்கள்.

போனை இதுக்கு யூஸ் பண்ணுங்க

உங்கள் கையில் இருக்கும் போன் ஆஃபர் புக் பண்ணுவதைவிட நல்ல வேலை ஒன்று செய்யும். அரிப்பு கிளம்பும்போதெல்லாம் ஒரு போட்டோ. தேதி அதிலேயே இருக்கும். அன்றைக்கும் அதற்கு முந்தைய இரண்டு நாளும் தோலில் பட்டது என்ன என்று ஒரு வரி. இரண்டு நாள் பின்னால் போவது முக்கியம், தாமத அலர்ஜி அப்படித்தான் வரும். லீவு நாளில் குறைகிறதா? காதில் தோடு போட்ட இடத்தில் மட்டுமா? பொட்டு வைக்கும் இடத்திலா? செருப்பு வார் வடிவத்திலேயே தடித்திருக்கிறதா? ஒரு மாதம் இப்படி எடுத்த ஆல்பம் மருத்துவருக்கு எந்த பேக்கேஜ் ரிப்போர்ட்டையும்விட உதவும். போட்ட டியூப், தைலம், எண்ணெய், சோப்பு கவர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். 'ஏதோ வெள்ளை டியூப் டாக்டர்' என்றால் அவர் என்ன செய்வார்?

பிரிக் டெஸ்ட் என்றால் செட்ரிசின் போன்ற அரிப்பு மாத்திரைகளை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் எல்லாமே நெகட்டிவ் வரும். பேட்ச் டெஸ்ட் என்றால் முதுகில் ஸ்டீராய்டு களிம்பு கூடாது, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்ல வேண்டும். புது மாய்ஸ்சரைசரோ க்ரீமோ வாங்கினால், முழங்கை உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு முறை, ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். சோப்பு, டிடர்ஜென்ட், ஹேர் டைக்கு இந்த முறையை முயற்சி செய்யாதீர்கள், தோல் வெந்துவிடும்.

பேட்ச் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் பொய் வியாதி என்று அர்த்தமில்லை. நாள் முழுக்க ஈரக் களிமண்ணில் கை வைத்திருக்கும் வில்லியனூர் சுடுமண் கலைஞருக்கோ, ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கோ எந்தப் பொருளுக்கும் அலர்ஜி இல்லாமலே கை வெடிக்கலாம். ஈரமும் உரசலுமே போதும்.

பாசிட்டிவ் வந்தால்? கொத்தனாருக்குக் குரோமியம் என்று தெரிந்தால் நாளைக்கே வேலையை விடச் சொல்வது சுலபம், சொல்கிறவருக்கு. முழங்கை வரை வரும் நல்ல கையுறை, உள்ளே பருத்தி உறை, கலவை பட்டதும் கழுவ நல்ல தண்ணீர், கலவை போடும் வேலையிலிருந்து மட்டம் பார்க்கும் வேலைக்கு மாறும் வாய்ப்பு, இவை மேஸ்திரியோடு பேச வேண்டியவை. பேசுவதற்குக் கையில் டெஸ்ட் முடிவு இருப்பது ஒரு பலம். டென்மார்க்கில் 1983-லேயே சிமென்ட்டில் இரும்பு சல்ஃபேட் கலந்து இந்தக் குரோமியத்தை முடக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த முறை உங்கள் தெருவில் சிமென்ட் மூட்டை இறங்கும்போது, அதன்மேல் குரோமியம் பற்றி ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

வீட்டில் அப்படிக் கையோடு ஒருவர் இருந்தால், டெஸ்ட் தேதியைச் சித்திரை வைகாசியில் வாங்காதீர்கள். மழையில் கட்டட வேலை படுத்துக்கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை, அதுவும் தப்பினால் மார்கழி. அப்போது வேர்வையும் குறைவு, போகும் கூலியும் குறைவு. டேப் முதுகிலேயே இருக்கும்.